சாணிப் பிள்ளையார் மீது ஒரு மனு

மீட்டரில் பதினாறு புள்ளி இரண்டு காட்டியது.

முனியனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நெல்லில் ஈரம் பதினேழு சதவிகிதத்தைத் தாண்டினால் அரசுக் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். காயவைத்து எடுத்து வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணி மாதத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் நெல் காயவைப்பது என்பது வானத்தோடு சீட்டாடுவதற்குச் சமம். காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில். நாலு மணிக்கு மேற்கே கருப்பு. ஐந்து மணிக்கு இடி.

நெல்லித்தாங்கல் களத்தில் அன்றைக்கு இருபத்திரண்டு குவியல்கள் கிடந்தன. பதினாலாவது முனியனுடையது. நாற்பது வருஷம் அடுத்தவர் கழனியில் அறுத்த மனிதர், ஐம்பத்திரண்டாவது வயதில் முதல் முறையாக ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, தன் பெயரில் பயிர் வைத்து, தன் பெயரில் டோக்கன் வாங்கி, தன் பெயரில் கொட்டிய நெல். அறுபது மூட்டை தேறும். இது நனைந்து போனால் அடுத்த போகத்துக்கு மறுபடி அடுத்தவர் கழனிதான்.

பட்டியல் எழுத்தர் மோகன்குமார் மீட்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தராசை இழுத்துப் போடச் சொல்லிச் சுமை தூக்குகிறவர்களுக்குக் கை காட்டினார். ஒருவர் கூடையோடு குனிந்தார். அந்த நொடியில் களத்து வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

இறங்கியவர் செந்தமிழன். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். பகுத்தறிவு விழிப்புணர்வு மன்றத்தின் நிறுவனர், தலைவர், செயலாளர். கையில் போன். போனில் ஒரு படம். படத்தில் பதினாலாம் குவியலின் உச்சி. உச்சியில் பிள்ளையார்.

பிள்ளையார் என்றால் கோயில் பிள்ளையார் அல்ல. ஒரு கைப்பிடி சாணி, தலையில் நாலு அருகம்புல். அளப்பதற்கு முன் நெல்லின் மேல் வைப்பது. முனியனின் மனைவி சிட்டம்மாள் காலையில் வைத்தது. அது பக்தியா என்று கேட்டால் சிட்டம்மாளுக்கே தெரியாது. பஸ் கிளம்பும்போது டிரைவர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் போல ஒரு கைப்பழக்கம். அறுவடை மெஷின் வந்த பிறகு மற்ற இருபத்தோரு பேருக்கும் அந்தப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. யாரும் கடவுளை மறுத்து விடவில்லை. டிராக்டரை வைத்துக்கொண்டு சாணி தேட நேரமில்லாமல் விட்டார்கள். நாத்திகம் நெல்லித்தாங்கலுக்கு இப்படித்தான், யாருக்கும் தெரியாமல், டீசல் வாசனையோடு வந்து சேர்ந்தது.

"அரசு வளாகத்தில் வழிபாட்டுச் சின்னம். புகார் அனுப்பியாகிவிட்டது. பதில் வரும் வரை யாரும் தொடக் கூடாது" என்றார் செந்தமிழன். ஓய்வு பெற்ற பிறகு அவர் மைக் இல்லாமலும் மேடைத் தமிழில்தான் பேசுவார்.

முனியன் பதறிப்போனார். "சார், இதுக்கா? இத்த நானே எடுத்துத் தூக்கிப் போட்டுர்றேன் சார்." கையை நீட்டினார்.

"எவன்டா அவன் சாமி மேல கை வெக்கிறவன்?"

இது பின்னாலிருந்து வந்த குரல். பாண்டுரங்கன். போக்குவரத்துக் கழகத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆன்மிக மறுமலர்ச்சிப் பேரவையின் தலைவர். பேரவை என்பது இருநூறு பேர் உள்ள ஒரு வாட்ஸப் குழு. அதில் நூற்று எழுபது பேர் சென்னையில் இருந்தார்கள். ஊர்க் கோயிலில் சாயங்கால விளக்கு எரிந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஆனால் குழுவில் தினமும் காலை நாலரைக்கு நூற்று எழுபது விளக்குகள் எரிந்தன.

பாண்டுரங்கனும் செந்தமிழனும் ஒருவர் தங்கையை ஒருவர் கட்டிய மாமன் மச்சான்கள். சாப்பாட்டு நேரத்தில் யார் வீட்டில் குழம்பு நன்றாக இருக்கிறதோ அந்த வீட்டில் இருப்பார்கள். மற்ற நேரங்களில் கொள்கை.

பாண்டுரங்கன் குவியலை மூன்று முறை சுற்றி வந்தார். முகம் உருகியது. யார் வைத்தது என்று கேட்டார். சிட்டம்மாள் தான்தான் என்றார். பாண்டுரங்கனின் உருக்கம் ஒரு கணம் நின்றது. காலனிப் பெண் கையால் பிடித்த சாமி என்றால் குழுவில் சில பேருக்குச் சங்கடம். அவர் கண்ணை மூடி யோசித்து, திறந்தார்.

"சுயம்பு" என்றார்.

"இன்னாது?"

"தானாவே தோன்றியிருக்காரு."

சிட்டம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எங்க மாடு போட்டுச்சு, நான் புடிச்சேன். இதுல தானா இன்னா கீது? அருகம்புல்லு மட்டும் வேணா தானா மொளச்சுது, உங்க வரப்புல."

பாண்டுரங்கன் இதைக் காதில் வாங்கவில்லை. படம் எடுத்து, 'நெற்குவியலில் சுயம்பு விநாயகர்' என்று குழுவில் போட்டுவிட்டார். மூன்று நிமிஷத்தில் நூற்றுப் பன்னிரண்டு கும்பிடுகள் வந்தன.

மோகன்குமார் தராசை மடக்கினார். நல்ல மனிதர்தான்; ஆனால் தற்காலிகப் பணி. தற்காலிகப் பணியில் இருக்கிறவருக்குக் கடவுள் உண்டா இல்லையா என்பதைச் சொல்லும் அதிகாரம் கிடையாது. "மேல இருந்து ஆர்டர் வரட்டும் முனியண்ணே" என்றார். பதினைந்தாம் குவியலுக்குப் போனார்.

அன்று மத்தியானமே மேலிருந்து வந்துவிட்டார் ஜெயப்பிரியா. மத நல்லிணக்கத் தனி அலுவலர். வெள்ளை ஜீப், தடித்த கோப்பு, சலிக்காத முகம். களத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, முனியனை எதிரே நிற்க வைத்து, வழிபாட்டுத் தலங்களுக்கான விசாரணைப் படிவத்தை எடுத்தார்.

"தலம் தோன்றிய ஆண்டு?"

"காலைல ஆறு மணி மேடம்."

அலுவலர் எழுதிக்கொண்டார். 'தொன்மை: ஒரு நாளுக்கும் குறைவு.'

"பரம்பரை அறங்காவலர்?"

முனியன் மனைவியைப் பார்த்தார். மனைவி மாட்டைக் கட்டிய திசையைப் பார்த்தார்.

"தினசரி வந்துபோகும் பக்தர்கள்?"

"ரெண்டு காக்கா வந்துது மேடம். ஒன்னு ஒடனே போய்ட்ச்சு."

"இரண்டு" என்று எழுதி, கோப்பை மூடிக்கொண்டு அலுவலர் எழுந்தார். அதற்குள் இரு தரப்பும் கூடிவிட்டதால் பேச வேண்டிய கட்டாயம். அவர் பேசினார்.

"அரசுக்கு மதம் கிடையாது. அதனாலதான் எல்லா மதத்தையும் பார்த்து அரசு ஒரே அளவு பயப்படுது. ஒரு விதி, அரசு இடத்துல புதுசா வழிபாட்டுத் தலம் இருக்கக் கூடாதுன்னு சொல்லுது. இன்னொரு விதி, இருக்கிற தலத்தை விசாரணை முடியாம அகற்றக் கூடாதுன்னு சொல்லுது. ரெண்டையும் நான் சமமா மதிக்கிறேன். ஆகவே பிள்ளையார் இருக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. இந்தப் பதவிக்கு வந்து மூணு வருஷத்துல நான் ஒரு முடிவுகூட எடுத்ததில்லை. மாவட்டம் எவ்வளவு அமைதியா இருக்குன்னு நீங்களே பாக்கறீங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். முனியனும் தட்டினார். தட்டி முடித்த பிறகு தன் நெல் என்ன ஆகும் என்று கேட்டார்.

"நெல் தலத்தோட அடித்தளம். அடித்தளத்தைத் தொட முடியாது பெரியவரே."

"மழ வந்தா மேடம்?"

ஜெயப்பிரியா வானத்தைப் பார்த்தார். அது தன் துறையில் வராது என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. ஜீப் கிளம்பியது. களத்தில் மீதி இருந்தது ஒரு போலீஸ்காரர், நாலு கம்பு, சுற்றிலும் ஒரு மஞ்சள் நாடா, நடுவே ஒரு கைப்பிடி சாணி.

மறுநாள் புதன்கிழமை காலையில் களத்து வாசலில் பூக்கடை ஒன்று முளைத்திருந்தது. பதினொரு மணி வாக்கில் தேங்காய்க் கடை. சென்னையிலிருந்து இரண்டு வேன்களில் பேரவையினர் வந்து இறங்கினார்கள். கணினிக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள். நெல்லைப் பார்த்ததும் இதுதான் நெல்லா என்று கேட்டு, அதையும் தொட்டுக் கும்பிட்டார்கள். பாண்டுரங்கன் பழைய தொழிலை மறக்காமல் தரிசன நேரப் பட்டியல் எழுதி ஒட்டினார். காலை ஆறு இருபது, எட்டு ஐந்து, பத்து நாற்பது, பிறகு உத்திரமேரூர் டவுன் பஸ் வந்துபோகும் நேரங்களில் எல்லாம்.

செந்தமிழன் சும்மா இருப்பாரா? நாடாவுக்கு எதிர்ப்பக்கம் மன்றத்தின் பந்தல் போட்டார். தரிசனம் நடக்கும்போதெல்லாம் அங்கே விழிப்புணர்வு நடக்கும். முதலில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். செந்தமிழன் உறுதிமொழியை ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பிறகு நிறுவனர் படத்துக்கு மாலை. நிறுவனர் அவரே என்பதால் மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். முடிவில் சுண்டல். சுண்டல் மட்டும் இரண்டு பந்தலிலும் ஒன்றுதான். செந்தமிழன் மனைவி, அதாவது பாண்டுரங்கன் தங்கை, ஒரே அண்டாவில் வேகவைத்து இரண்டு பக்கமும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

முனியன் தன் நெல்லைப் பார்க்க இப்போது வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. தரிசனத்துக்கு வந்தவராக நின்றால் எட்டடி தூரத்தில் நாலு நொடி. விழிப்புணர்வுக்கு வந்தவராக நின்றால் பன்னிரண்டடி தூரம். ஆனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் மாறி மாறி நின்றார். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று தரம் திருநீறு பூசிக்கொண்டு நாலு தரம் உறுதிமொழி எடுத்திருந்தார். இரண்டு பக்கத்தாரும் அவரைத் தங்கள் ஆள் என்று எழுதிக்கொண்டார்கள்.

"அப்பாவித் தோழர்களை மூட நம்பிக்கை எப்படிச் சுரண்டுகிறது என்பதற்கு இவரே சாட்சி" என்று செந்தமிழன் முனியன் தோளில் கை போட்டு முழங்கினார். பிறகு மெல்லக் குனிந்து, பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் அவர் கழனியில் நாற்று முடி சுமந்தவர் முனியன்.

இந்த நேரத்தில்தான் ஆடு வந்தது.

அது பதினேழாம் குவியல்காரரான ஐசக்கின் வெள்ளாடு. நாடா, போலீஸ், நேரப் பட்டியல் எதையும் பொருட்படுத்தாமல் நேராகக் குவியல் மேல் ஏறி, பிள்ளையார் தலையிலிருந்த அருகம்புல் நாலையும் ஒரே இழுப்பில் தின்றுவிட்டு, திருப்தியாக இறங்கியது.

ஆட்டின் சொந்தக்காரர் தேவாலயத்துக்குப் போகிறவர் என்பது பேரவைக் குழுவில் ஏறக் கால்மணி நேரம் போதுமானதாக இருந்தது. சதி என்றார்கள். பகுத்தறிவு தரப்பு அதைக் கடவுள் தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை என்பதற்கான கள ஆய்வு என்றது. ஜீப் மறுபடி வந்தது. அமைதிக் குழுக் கூட்டம். ஐசக் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"உங்க ஆடு எந்த நோக்கத்தோட அங்க போச்சு?" என்று கேட்டார் ஜெயப்பிரியா.

"பசி மேடம்."

"மத நோக்கம் எதுவும் இல்லையே?"

ஐசக் நிதானமாக யோசித்தார். "அதுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கல மேடம். நம்ம வூட்ல வளருது, அவ்ளதான். போன மாசம் ஃபாதர் தோட்டத்துல கீற செம்பருத்தியக்கூட துன்ட்ச்சு. அவுரு எம்மேல கேஸ் போடல."

'ஆட்டின் மதம்: பதிவு செய்யப்படவில்லை' என்று எழுதப்பட்டது. ஆடு சாட்சியாகக் கிராம நிர்வாக அலுவலகத் தூணில் கட்டப்பட்டது. அருகம்புல்லை மீண்டும் வைக்கலாமா என்ற கேள்விக்கு, வைத்தால் புதிய கட்டுமானம், வைக்காவிட்டால் சேதத்துக்கு உடந்தை என்று விளக்கம் தரப்பட்டது.

முனியன் இதையெல்லாம் கேட்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பாக்கற?" என்றார் சிட்டம்மாள்.

"கருக்கல் கட்டுது. இன்னிக்கி இல்லனா நாளைக்கி. நீ ஏம்மே அத்த வெச்ச?"

சிட்டம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அட்த்தவன் நெல்ல தூத்தி அள்ளி நின்னப்பல்லாம் அவங்க வெப்பாங்க, நாம பாத்துக்கினு நிப்போம். நம்ம நெல்லுன்னு ஒன்னு வந்தா நாமளும் வெக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தேன். இவ்ளோ பேஜார் ஆவும்னு யாருக்குத் தெரியும்?"

முனியன் திரும்பி, புல் போன அந்தச் சாணிப் பிள்ளையாரைப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலையில் அவர் பாண்டுரங்கனிடம் போய் நின்றார். நெல் நனையும் என்று சொல்ல வந்தவர், மூன்று நாள் அனுபவத்தில் தேறிய ஆளாகச் சற்று மாற்றிச் சொன்னார்.

"ஐயா, மழ வந்தா சாமி கரஞ்சிடுவாரு."

பாண்டுரங்கனுக்குத் தூக்கி வாரிப் போட்டது. இரண்டே மணி நேரத்தில் இரும்புக் குழாய் நட்டு, தகரக் கூரை போட்டு, நாலு பக்கமும் தார்ப்பாய் இறக்கி, கீழே தண்ணீர் ஏறாமல் செங்கல் அணை கட்டி முடித்தார்கள் சென்னைப் பிள்ளைகள்.

முனியன் அடுத்த பந்தலுக்குப் போனார். "சார், மழ வந்தா சாட்சி அழிஞ்சிடும்."

செந்தமிழன் நிமிர்ந்தார். புகாரின் முக்கியமான தடயம் அது. தடயம் கரைந்தால் வழக்கு கரையும். மன்றத்தின் பெயரில் இன்னொரு தார்ப்பாய் வந்து, முதல் தார்ப்பாய்க்கு மேலே ஏறியது.

நாலு மணிக்கு மேற்கே கருத்தது. நாலே முக்காலுக்கு இறங்கிய மழை ஆறரை வரை விடவில்லை. களத்தில் முழங்கால் தண்ணீர். பூக்கடை, தேங்காய்க் கடை, இரண்டு பந்தல், நேரப் பட்டியல் எல்லாம் போயிற்று. மூன்று நாளில் மோகன்குமார், ஈரம் அளவுக்குள் இருந்த ஏழு குவியல்களை மட்டும் அளந்திருந்தார். மீதி பதினைந்தில் பதினாலு நனைந்து ஊறின. ஐசக்குடையதும் நனைந்தது. பாண்டுரங்கனுடையதும் செந்தமிழனுடையதும் நனைந்தன. இருவரும் பக்கத்துப் பக்கத்துக் குவியல்காரர்கள். வைத்திருந்த தார்ப்பாய்களைப் பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அரிசி ஆலைக்கு நெல் ஏற்ற லாரி வந்து நின்றது. மோகன்குமார் மீட்டரோடு ஒவ்வொரு குவியலாகப் போனார். இருபத்து மூன்று. இருபத்தாறு. இருபத்தைந்து. கடைசியில் தகரக் கூரைக்குள் குனிந்து நுழைந்தார்.

பதினாறு.

ஜெயப்பிரியாவுக்கு அன்றைக்கு மூன்று போன்கள் வந்தன. லாரி காலியாகத் திரும்பினால் கணக்குக் கேட்பார்கள். களத்தில் வாங்கத் தகுந்த ஒரே நெல் எது என்றால், வாங்கவே கூடாத நெல். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் நின்றார். நெற்றியில் வேர்வை. முனியனுக்கே பாவமாக இருந்தது. தன் செம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தார்.

குடித்துவிட்டு அலுவலர் மோகன்குமாரின் தர விதிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. மோகன்குமாரை அழைத்துப் பிள்ளையாரின் எடை என்ன இருக்கும் என்று கேட்டார். காய்ந்த நிலையில் நூற்று எண்பது கிராம் என்று மதிப்பிடப்பட்டது. நெல் இரண்டாயிரத்து நானூறு கிலோ.

ஜெயப்பிரியா எழுந்து நின்று வாசித்தார்.

"நெல்லோட கலந்திருக்கிற இலை, தழை, வைக்கோல், சாணம் முதலானவை கரிம அயல்பொருள். ஒரு சதவிகிதம் வரை அனுமதி உண்டு. இங்கே அது நூறில் ஒரு பங்கு சதவிகிதம்கூட இல்லை. ஆகவே இது வழிபாட்டுத் தலம் அல்ல, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு உட்பட்ட அயல்பொருள். அகற்றத் தேவையில்லை. அப்படியே மூட்டை பிடிக்கலாம். நான் யாரையும் அகற்றவும் இல்லை, யாரையும் அங்கீகரிக்கவும் இல்லைன்னு தெளிவா பதிவு செய்யறேன்."

செந்தமிழன் எழுந்து, பிள்ளையார் ஓர் அயல்பொருள் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட பொன்னாள் இது என்றார். பாண்டுரங்கன் எழுந்து, இனி ரேஷன் அரிசி வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சுயம்பு விநாயகர் எழுந்தருளப் போகிறார் என்றார். இரு தரப்பும் வெற்றி ஊர்வலம் போனது. தெரு ஒன்றுதான் என்பதால் ஒரே ஊர்வலமாகப் போனது.

களத்தில் சத்தம் அடங்கியது. தராசு விரிந்தது. முதல் மூட்டையைத் தூக்கி வைத்தவர் பழக்கப்படி ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று குரல் கொடுத்தார். அலுவலர் திடுக்கிட்டுத் திரும்பினார். இது மதமா, வழக்கமா, கணக்கா என்று கேட்க வாயெடுத்து, எதிரே நின்ற முனியனின் முகத்தைப் பார்த்தார். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அறுபத்தோரு மூட்டை. முனியன் பெயரில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முனியன் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. செந்தமிழன் இறங்கவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்து ஒருவழியாகப் பதினேழுக்குக் கொண்டு வந்திருப்பதாகவும், நாளைக்குக் களத்துக்கு ஏற்றப் போவதாகவும், வானம் இன்னும் சரியாக இல்லை என்றும் சொன்னார். மேடைத் தமிழ் எங்கோ விட்டுப் போயிருந்தது.

"அதனால, சிட்டம்மா, என் நெல்லு மேலயும் ஒன்னு புடிச்சி வெச்சிடேன். கும்புட்றதுக்கு இல்ல. புகார் குடுக்கறதுக்கு. புகார் போனாதான் கூரை வரும்."

"நீங்களே வெச்சிக்கலாமே சார்" என்றார் முனியன்.

"கொள்கைன்னு ஒன்னு கீதேப்பா."

சிட்டம்மாள் தவிட்டுத் தொட்டியில் கை வைத்திருந்தவர் நிமிர்ந்தார். "உங்க மச்சான் மத்தியானமே வந்துட்டுப் போய்ட்டாரு சார். அவரு நெல்லு மேலயும் ஒன்னு வெக்கணுமாம். நீங்க மறக்காம அதும் மேல புகார் குடுக்கணும்னு ஒங்கையில சொல்லச் சொன்னாரு."

செந்தமிழன் ஸ்கூட்டரின் இன்ஜினை அணைத்தார். பிறகு அது நியாயம்தான் என்று தலையாட்டினார்.

"சரி, வெக்கிறேன்" என்றார் சிட்டம்மாள். "ஐசக் அண்ணனுக்கும் சேத்துதான் வெப்பேன். அவரு ஆட்ட அவுத்து வுட்டுட்டு அவரு நெல்லு மேலயும் ஒரு புகார் எழுதுங்க. அப்புறம் சார், இந்த வாட்டி சுயம்பு கியம்புன்னு எவனாவது சொன்னா, அதுக்கு மேல போட்ட தார்ப்பாய நானே உருவிப்புடுவேன். சிட்டம்மா புடிச்சதுன்னு போர்டுல எழுதச் சொல்லுங்க."

செந்தமிழன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். புகார்த் தாளின் மேலே, முதல் முறையாக, அந்தப் பெயரை முழுசாக எழுதிக்கொண்டார்.